சபாஷ் விழ வேண்டிய நொடி

நாய் ஒரு வேலையைச் சரியாகச் செய்த அந்தக் கணத்தைச் சுட்டிக்காட்டுவதற்காகப் பயிற்சியில் பயன்படும் சின்னச் சொல்லுக்கு ‘மார்க்கர்’ என்று பெயர். ‘யெஸ்’, ‘சபாஷ்’ போல எதுவாகவும் இருக்கலாம். அது காதில் விழுந்ததும் நாய்க்கு இரண்டு சேதி போய்ச் சேர வேண்டும்: இப்போது செய்தாயே, அதுதான் வேண்டியது, அதற்கான தீனி இதோ வருகிறது. கட்டளை செயலுக்கு முன்னால் வரும், தீனி செயலுக்குப் பின்னால் வரும், மார்க்கர் செயல் நடக்கும்போதே வரும். இந்த வரிசையைக் குழப்பாமல் இருந்தாலே பாதிப் பயிற்சி முடிந்த மாதிரி.

இப்படி ஒரு சொல் எதற்கு, நேராகத் தீனியையே கொடுத்துவிடலாமே என்று கேட்கலாம். அடையாறில் ஓர் அடுக்குமாடி வீட்டின் கூடத்தில் லாப்ரடார் குட்டி ஒன்று ‘சிட்’ என்றதும் உட்காருகிறது என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்காரர் பூரித்துப்போய், சட்டைப் பையில் கைவிட்டு, பிளாஸ்டிக் உறையின் முடிச்சை அவிழ்த்து, வேகவைத்த கோழித்துண்டை எடுத்து நீட்டுவதற்குள் நாலைந்து நொடி ஓடிவிடும். அதற்குள் குட்டி எழுந்து, உறையை முகர்ந்து, முன்னங்கால் இரண்டையும் அவர் முழங்காலில் ஊன்றியிருக்கும். கறி வாய்க்குள் போகும்போது அது செய்துகொண்டிருப்பது தாவுதல். ஆகவே அது கற்றுக்கொள்வதும் தாவுதல்தான். ‘எத்தனை நாள் சொல்லிக்கொடுத்தாலும் உட்காரவே மாட்டேங்குது’ என்று அலுத்துக்கொள்ளும் பல வீடுகளில் நடப்பது இதுதான். நாய் சொன்னபடி கற்கவில்லை என்று நினைக்கிறோம். கூலி கிடைத்ததை அது மிகச் சரியாகவே கற்றிருக்கிறது.

செயலுக்கும் பரிசுக்கும் நடுவே ஓரிரு நொடி இடைவெளி விழுந்தாலே நாயின் மனத்தில் அந்த இரண்டுக்கும் உள்ள தொடர்பு தளர்ந்துபோகும். பின்புறம் தரையைத் தொட்ட நொடியில் ‘சபாஷ்’ என்று விழுந்துவிட்டால், உறையை அவிழ்க்க மூன்று நொடி ஆனாலும் பெரிய கெடுதல் இல்லை. எந்தச் செயலுக்காகத் தீனி வருகிறது என்பது ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. மயிலாப்பூர் சபாக்களில் மார்கழிக் கச்சேரி கேட்டவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஒரு சங்கதி வந்து விழும் இடத்திலேயே முன்வரிசையிலிருந்து ‘பலே’ என்று குரல் வந்தால், எது ரசிக்கப்பட்டது என்று பாடகருக்குத் தெரியும். கச்சேரி முடிந்த பிறகு எழும் கைதட்டல் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அந்தத் தகவல் அதில் இருக்காது.

இந்த முறைக்கு நூறாண்டுக்கும் மேற்பட்ட ஆராய்ச்சிப் பின்னணி உண்டு. செரிமானம் பற்றிய ஆய்வுக்காக 1904-இல் நோபல் பரிசு பெற்ற ருஷ்ய விஞ்ஞானி இவான் பாவ்லோவ், உணவுக்குச் சற்று முன்னால் தவறாமல் கேட்கும் ஒலி நாளடைவில் உணவைப் போலவே நாய்க்கு எச்சில் ஊறச் செய்யும் என்று காட்டினார். மார்க்கர் சொல்லுக்குச் சக்தி வருவது இந்த வழியில்தான். அமெரிக்க உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர், பரிசு கிடைத்த செயல் திரும்பத் திரும்ப நிகழும் என்ற விதியை விரிவாக ஆராய்ந்தவர். 1951-இல் ‘சயன்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில் பொதுமக்களுக்காக எழுதிய ஒரு கட்டுரையில், அழுத்தினால் ‘டிக்’ என்று ஒலிக்கும் சிறுவர் பொம்மையைக் கொண்டு நாயைப் பழக்கும் வழியை அவர் விவரித்தார். அவரிடம் படித்த கெல்லர் பிரெலாண்ட், மரியன் பிரெலாண்ட் தம்பதியர் விலங்குப் பயிற்சியையே தொழிலாக எடுத்துக்கொண்டு, இந்த ஒலிக்குப் ‘பாலம்’ என்ற பொருளில் பெயர் வைத்தார்கள். செயலையும் தீனியையும் இணைப்பதால் அந்தப் பெயர். 1960-களில் ஹவாயில் டால்ஃபின்களுக்கு விசில் ஊதிப் பயிற்சி தந்த கேரன் பிரையர், 1984-இல் வெளியிட்ட ‘டோன்ட் ஷூட் தி டாக்’ என்ற நூலின் வழியாக இந்தச் சிந்தனையைச் சாதாரண வீடுகளுக்குக் கொண்டுவந்தார். நீந்திக்கொண்டிருக்கும் டால்ஃபினைக் கழுத்தில் கயிறு கட்டி இழுக்கவோ அடிக்கவோ முடியாது. ஆகவே வலி இல்லாத முறை ஒன்றைக் கண்டுபிடித்தே ஆகவேண்டிய நிலை அங்கே இருந்தது. நாய் வளர்ப்போர் அதன் பலனை அனுபவிக்கிறார்கள்.

பிரையர் வழி வந்தவர்கள் கையில் கிளிக்கர் என்ற சின்னக் கருவி இருக்கும். அதன் ஒலி எப்போதும் ஒரே மாதிரி, யார் அழுத்தினாலும் ஒரே மாதிரி. மனிதக் குரலுக்கு அந்த ஒழுங்கு கிடையாது. ஆனாலும் கிளிக்கர்தான் உயர்ந்தது என்று அடித்துச் சொல்ல ஆதாரம் இல்லை. இத்தாலியில் 51 நாய்களை மூன்று பிரிவாக்கி நடத்தி 2016-இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு பிரிவுக்குக் கிளிக்கர், இன்னொன்றுக்கு ‘பிராவோ’ என்ற சொல், மூன்றாவதற்கு வெறும் தீனி. கற்ற வேகத்தில் குறிப்பிடும்படியான வேறுபாடு தெரியவில்லை. வெறும் தீனியும் ஈடுகொடுத்திருப்பதைக் கவனிக்க வேண்டும். நாய் கைக்கெட்டும் தூரத்தில் இருந்து, பழகிய கை உடனுக்குடன் ஊட்டினால் மார்க்கர் இல்லாமலும் வேலை நடக்கும். தூரத்தில் நிற்கும் நாய்க்கும், நடந்துகொண்டே கற்கும் நாய்க்கும், கை பழகாத புதியவர்களுக்கும்தான் மார்க்கரின் அருமை தெரியும்.

சென்னைத் தெருவில் ஒரு கையில் கயிறு, மறுகையில் குடையோ காய்கறிப் பையோ, மலத்தை அள்ளும் காகிதமோ இருக்கும். கிளிக்கரைப் பிடிக்க மூன்றாவது கை யாருக்கும் கிடையாது. குரலை எங்கேயும் மறந்துவிட்டு வர முடியாது. இந்த நகரத்து வீடுகளுக்குச் சொல்லே பொருத்தம் என்பதற்கு இது ஒன்றே போதும்.

எந்தச் சொல்லைத் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் நம் வீடுகள் பெரும்பாலும் இடறுகின்றன. மூன்று தேவைகளைச் சொல்லலாம்: வாயில் சட்டென்று வரக் கூடியதாக, குறுகியதாக, வீட்டுப் பேச்சில் அடிக்கடி அடிபடாததாக இருக்க வேண்டும். மூன்றாவதுதான் கடினம். ‘சரி’ என்ற சொல் எடுத்த எடுப்பில் பொருத்தமாகத் தோன்றும். ஆனால் தமிழ் வீட்டில் ஒரு மணி நேரத்தில் எத்தனை ‘சரி’ விழுகிறது என்று எண்ணிப் பார்த்தால் அந்த ஆசை போய்விடும். பால்காரரிடம் ‘சரி’, தொலைபேசியில் ‘சரி சரி’, பிள்ளையைக் குளிக்க விரட்ட ‘சரி போ’. ‘ஆமா’, ‘ஆச்சு’ ஆகியவற்றுக்கும் இதே கதி. ஆங்கில ‘யெஸ்’ உலகெங்கும் பயிற்சியாளர்கள் விரும்பும் சொல். ஆனால் வீட்டிலிருந்தே அலுவலக வேலை பார்ப்பவர் காதில் கருவியை மாட்டிக்கொண்டு நாள் முழுக்க ‘யெஸ், யெஸ்’ என்று பேசும் வீட்டில் அதுவும் வீணாகும். காலடியில் படுத்திருக்கும் நாய் முதல் நாள் ஒவ்வொரு ‘யெஸ்’ஸுக்கும் தலை தூக்கிப் பார்க்கும், நாலாம் நாள் காதைக்கூட அசைக்காது. தீனி வராத சொல் வெறும் இரைச்சல் என்று அதற்குப் புரிந்திருக்கும்.

‘குட் பாய்’, ‘சமத்து’, ‘தங்கம்’ போன்ற கொஞ்சல்களை மார்க்கராக வைக்காமல் இருப்பதும் நல்லது. அவை பாசத்துக்கு உரியவை, காரணமே இல்லாமல் சொல்வதற்கு உரியவை. நாயிடம் அவற்றைச் சொல்லாமல் இருக்கவும் யாராலும் முடியாது. ‘சபாஷ்’ நன்றாகப் பொருந்துகிறது: அன்றாடப் பேச்சில் அதிகம் வருவதில்லை, பாட்டி முதல் பேரன் வரை எல்லார் நாக்கிலும் படியும். ‘டிக்’, ‘டக்’ போலப் பொருளே இல்லாத ஒலியை வைத்துக்கொள்ளும் வீடுகளும் உண்டு. அதில் தவறே இல்லை. நாய்க்கு அகராதி தேவையில்லை. தமிழ் பேசும் வீட்டில்கூட நாயிடம் மட்டும் ‘சிட்’, ‘கம்’, ‘நோ’ என்று ஆங்கிலத்துக்குத் தாவுவது நகரத்து வழக்கம். ‘உட்கார்’ என்றாலும் அது அதே வேகத்தில் கற்கும். வீட்டில் எல்லாரும் அதே சொல்லை, கிட்டத்தட்ட அதே தொனியில் சொல்கிறார்களா என்பது மட்டுமே கேள்வி. தாத்தா ‘பலே’ என்றும் அம்மா ‘குட்’ என்றும் பையன் ‘சூப்பர்’ என்றும் சொன்னால் மூன்றும் அரைகுறையாகவே வேர்விடும்.

தொனிக்கும் பங்கு உண்டு. புடாபெஸ்டின் ஆய்வாளர்கள் 13 நாய்களை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் அசையாமல் படுக்கப் பழக்கி, 2016-இல் வெளியிட்ட முடிவு இது: பாராட்டுச் சொல்லும் பாராட்டும் தொனியும் சேர்ந்து வந்தபோதுதான் பரிசை உணரும் மூளைப்பகுதி கூடுதலாக விழித்தது. சொல் ஒரு பக்கம், தொனி ஒரு பக்கம் என்று பிரிந்தபோது அந்த அளவுக்கு இல்லை. சலிப்பான குரலில் விழும் ‘சபாஷ்’ பாதி ‘சபாஷ்’ என்றே எடுத்துக்கொள்ளலாம். அதற்காகக் கூவவும் வேண்டாம்; துள்ளும் குட்டியிடம் உரக்கக் கத்தினால் அது இன்னும் துள்ளும். தெளிவான, லேசாக மகிழ்ந்த குரல் போதும்.

சொல்லைத் தேர்ந்த பிறகு அதற்குப் பொருள் ஏற்ற வேண்டும். கூடத்தில் மின்விசிறி ஓட, தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, பட்டாணி அளவு தீனித் துண்டுகள் பத்துப் பதினைந்தைக் கிண்ணத்தில் எடுத்துவைத்து உட்கார வேண்டும். நாயிடம் எதையும் செய்யச் சொல்ல வேண்டாம். ‘சபாஷ்’ என்று சொல்லி, அதன் பிறகு கையை நகர்த்தி ஒரு துண்டு. சற்று நேரம் சும்மா இருந்து, நாய் வேறெங்கோ பார்க்கும்போது மறுபடியும் ‘சபாஷ்’, துண்டு. சொல்லைக் கேட்டதும் தலை வெடுக்கென்று திரும்பினால் பொருள் ஏறத் தொடங்கிவிட்டது. சில நாய்களுக்கு ஒரு மாலைப்பொழுது போதும், சிலவற்றுக்கு இரண்டு மூன்று நாள் ஆகும்.

இந்த இடத்தில் கையைக் கவனிக்க வேண்டும். கிட்டத்தட்ட எல்லாரும் செய்யும் தவறு, சொல் வாயிலிருந்து வரும் அதே நேரத்தில் கை கிண்ணத்துக்குப் போவது. நாய்க்கு மனித வாயைவிட மனிதக் கை பல மடங்கு சுவாரசியமானது. கை அசைந்தால் தீனி வரும் என்று அது ஏற்கெனவே அறிந்திருப்பதால், கூடவே வரும் சொல் புதிதாக எதையும் சொல்வதில்லை. நாய் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. பிறகு அந்த நாய் கையைப் பார்த்தால்தான் வேலை செய்யும், கை காலியென்றால் நகர்ந்துவிடும். ‘தீனி இருந்தாதான் கேக்குது’ என்ற புகாரின் பிறப்பிடம் பெரும்பாலும் இந்த அரை நொடி அவசரம். கை மடியில் அசையாமல் இருக்க, சொல் முழுசாக வெளியே வந்து முடிய, அதன் பிறகு கை எழ வேண்டும். நாய் இல்லாமலேயே கண்ணாடி முன் இதைப் பழகிக்கொள்ளலாம். ஒருவர் பந்தைத் தரையில் தட்ட, பந்து தரையைத் தொடும் கணத்தில் மற்றவர் ‘சபாஷ்’ சொல்லிப் பழகுவதும் பலன் தரும். வீட்டில் பிள்ளைகள் இதில் பெரியவர்களை எளிதில் மிஞ்சிவிடுவார்கள்.

இனி நடைமுறை. விருந்தாளி வந்தால் மேலே பாய்வது நகரத்து நாய்கள்மீது சொல்லப்படும் முதல் புகார். பட்டுப்புடவையில் வந்தவர் அலற, பாட்டி ‘இறங்குடா கண்ணா, இறங்கு’ என்று கையால் தள்ள, நாய்க்கு அதெல்லாம் விளையாட்டு. தள்ளும் கையும் கவனிப்புதான், கத்தும் குரலும் கவனிப்புதான். மார்க்கர் வழியில் கேள்வியைத் திருப்பிப் போட வேண்டும்: பாயக் கூடாது என்று கற்பிப்பதற்குப் பதில், வேறு என்ன செய்யலாம் என்று கற்பிப்பது. நாலு காலும் தரையில் இருக்கும் ஒவ்வொரு கணமும் ‘சபாஷ்’ பெறும். அழைப்பு மணி அடிக்கிறது, கதவு திறக்கிறது. நாய் பாய்வதற்கு முன்னால் ஒரு நொடி தரையில் நிற்கிறதே, அந்த ஒரு நொடியைப் பிடிக்க வேண்டும். ‘சபாஷ்’, துண்டு தரையில் விழுகிறது. தலை கீழே போகிறது. எடுத்துத் தின்று தலை நிமிரும்போதும் நாலு காலும் தரையில்தான். மறுபடி ‘சபாஷ்’. தீனியைக் கையில் நீட்டாமல் தரையில் போடுவது முக்கியம். உயரத்தில் நீட்டிய கை பாய்வதற்கு அழைப்பு. முதலில் வீட்டு ஆளே வெளியே போய் மணி அடித்து உள்ளே வரட்டும், பிறகு பக்கத்து வீட்டுக்காரர், பிறகு உண்மையான விருந்தாளி. நவராத்திரிக் கொலுவுக்கு ஊரே வந்து போகும் மாலையில் முதல் பாடத்தைத் தொடங்கக் கூடாது.

கயிற்றை இழுக்காமல் நடக்கப் பழக்குவதும் இப்படித்தான். கயிறு தொய்வாக இருக்கும் கணத்தில் சொல், தொடைப் பக்கத்தில் தீனி. இழுத்தால் நின்றுவிடுவது. லஸ் நாகேஸ்வர ராவ் பூங்காவைச் சுற்றியுள்ள தெருக்களில் விடிகாலையில் போனால் சில அடிக்கு ஒரு சொல் என்று தொடங்கி, வாரங்கள் போகப் போக இடைவெளியை நீட்டலாம். தி. நகரில் ரங்கநாதன் தெருப் பக்கம் அதே நாய் ஒன்றுமே தெரியாததுபோல நடந்துகொள்ளும். அது திமிர் இல்லை. நாய்கள் ஓர் இடத்தில் கற்றதை இன்னோர் இடத்துக்குத் தாமாக எடுத்துச் செல்வதில் பலவீனமானவை. கூடம், மாடிப்படி, வாசல், அமைதியான தெரு, கடைத்தெரு என்று ஒவ்வொன்றிலும் பாடத்தை எளிதாக்கி மறுபடி தொடங்க வேண்டும். ஒரு பாடம் மூன்று முதல் ஐந்து நிமிடம் போதும். கோடையில் நடைபாதைச் சிமென்டைப் புறங்கையால் ஐந்து நொடி தொட்டுப் பார்த்து, சுட்டால் வீட்டுக்குள்ளேயே பழக்கலாம்.

சில பயிற்சியாளர்கள் ஒன்றுக்கு மேற்பட்ட மார்க்கர்களை வைத்துக்கொள்வார்கள். ‘முடிந்தது, வந்து வாங்கிக்கொள்’ என்று அர்த்தப்படும் சொல் ஒன்று, ‘அப்படியே இரு, தொடர்ந்து செய்’ என்பதற்கு நீட்டி மெதுவாகச் சொல்லும் சொல் ஒன்று. வீட்டு நாய்க்கு முதல் ஆண்டில் ஒன்றே போதும். தவறு செய்தால் சொல்வதற்கென்று ‘ம்ஹூம்’ போன்ற சொல் தேவையா என்பதில் பயிற்சியாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. கோபம் கலக்காமல் அதைச் சொல்ல எல்லாராலும் முடிவதில்லை என்பதால் அதை விட்டுவிடுவதே உத்தமம்.

மீறக் கூடாத விதி ஒன்று உண்டு: சொல் விழுந்தால் தீனி விழ வேண்டும். தவறான நேரத்தில் வாய் தவறிச் சொல்லிவிட்டாலும் கொடுத்துவிட வேண்டும். ஒரு தீனித் துண்டு போவதால் நட்டமில்லை; சொல்லின் நம்பகம் போனால் திரும்பக் கட்ட நாளாகும். நாயைக் கூப்பிடுவதற்கோ சும்மா உற்சாகப்படுத்துவதற்கோ மார்க்கரை எடுத்து வீசக் கூடாது.

தீனி கறியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. சைவ வீடுகளில் பனீர்த் துண்டு, வேகவைத்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு, காரட், உப்பில்லாத வேர்க்கடலை எல்லாம் நாய்கள் விரும்பித் தின்னும். பயிற்சியில் தந்த அளவைச் சாப்பாட்டில் குறைத்துக்கொள்ள வேண்டும். திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட், வெங்காயம், பூண்டு, சைலிட்டால் என்ற இனிப்பூட்டி சேர்ந்த பண்டங்கள் ஆகியவை நாய்க்கு நஞ்சு. உலர்திராட்சை சிறுநீரகத்தைப் பாழாக்கக் கூடியது என்பதால், சர்க்கரைப் பொங்கலிலிருந்து ஒரு வாய் ஊட்டும் வழக்கத்தை அன்பின் பெயரால்கூடத் தொடரக் கூடாது.

தெருவிலிருந்து தத்தெடுத்த நாட்டு நாய்களுக்கு இந்த முறை மிகவும் உதவுகிறது. அவற்றில் பல, மனிதக் கை என்றால் அடி என்று அறிந்தவை. தொட்டால் சுருங்கும், உட்காரச் சொல்லி முதுகை அழுத்தினால் கடிக்கக்கூடச் செய்யும். சொல்லும் தீனியும் கொண்ட பயிற்சியில் தொடவே வேண்டியதில்லை. ஆட்டோவைக் கண்டு குரைக்கும் நாய்க்கு, ஆட்டோ தொலைவில் வரும்போதே, அதை அது பார்த்தும் இன்னும் குரைக்காத கணத்தில் ‘சபாஷ்’ சொல்லித் தீனி தருவார்கள். நாளடைவில் ஆட்டோவைக் கண்டதும் நாய் கூட வந்தவர் முகத்தைத் திரும்பிப் பார்க்கும். பயந்து நடுங்கும்போது தீனி தந்தால் பயம் வளரும் என்ற நம்பிக்கை தவறானது. பயம் என்பது பரிசுக்காகச் செய்யும் வேலை அல்ல. தீபாவளி வெடிக்கும் இதே வழிதான். ஆனால் இரண்டு மாதம் முன்பே, பதிவு செய்த ஒலியை மிகக் குறைவாக வைத்துத் தொடங்க வேண்டும். சரவெடி வெடிக்கும் இரவு பயிற்சிக்கான நேரம் அல்ல. நாயைச் சன்னல் மூடிய உள்ளறையில் வைத்துக் கூட இருக்க வேண்டிய நேரம்.

வீட்டுக்கு வந்து பயிற்சி தருபவர்களில் சிலர் இன்னும் முதல் நாளே கழுத்தை இறுக்கும் சங்கிலியைக் கேட்கிறார்கள். அது வேலை செய்வதுபோலத் தெரியும்: நாய் அடங்கிவிடும். போர்ச்சுகலில் ஏழு பயிற்சிப் பள்ளிகளைச் சேர்ந்த 92 நாய்களை ஆராய்ந்து 2020-இல் வெளியான ஆய்வு, அந்த அடக்கத்தின் விலையைக் காட்டியது. தண்டனையை அதிகம் நம்பிய பள்ளிகளின் நாய்களிடம் பயிற்சியின்போது பதற்றத்தின் அறிகுறிகளும், பயிற்சிக்குப் பின் எச்சிலில் கார்ட்டிசோல் என்ற மன அழுத்த ஹார்மோனின் அளவும் கூடுதலாக இருந்தன. அமெரிக்காவின் விலங்கு நடத்தை மருத்துவர்கள் சங்கம் 2021-இல், எல்லா நாய்களுக்கும் பரிசு வழிப் பயிற்சியையே பரிந்துரைத்தது.

இந்த விஷயத்தில் சென்னைக்கு ஒரு பொறுப்பு இருக்கிறது. விலங்குகளுக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்று மாநிலங்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்து வாதாடியவர் அடையாறில் வாழ்ந்த கலாக்ஷேத்ரா ருக்மிணி தேவி அருண்டேல். அந்த முயற்சியின் தொடர்ச்சியாக 1960-இல் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் வந்தது. 1962-இல் அமைந்த இந்திய விலங்கு நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். அதன் தலைமையகம் பல பத்தாண்டுகள் இந்த நகரத்தில்தான் இருந்தது. கேப்டன் வி. சுந்தரம் 1959-இல் தொடங்கிய புளூ கிராஸ் அமைப்பும் சென்னையில் பிறந்ததே. அந்தச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு விலங்கை அடிப்பதையும் உதைப்பதையும் வலி உண்டாகும்படி நடத்துவதையும் குற்றம் என்கிறது. முதல் குற்றத்துக்குப் பத்து ரூபாய்க்குக் குறையாமல் ஐம்பது ரூபாய் வரை என்று அன்று எழுதிய அபராதம் போதுமானதல்ல. பயிற்சி என்ற பெயரில் நடக்கும் அடியும் அடிதான்; அதை நாய் வளர்ப்போரே கேட்டு நிறுத்த வேண்டியிருக்கிறது.

ஒரு செயல் நன்றாகப் படிந்த பிறகு அதற்கு மார்க்கர் தேவைப்படாது. மாதக்கணக்கில் சொன்னவுடன் உட்காரும் நாய்க்கு ஒரு தடவல், கதவு திறப்பது, நடைக்குக் கிளம்புவது ஆகியவையே பரிசு. தீனி எப்போதாவது வந்தால் போதும். புதிய பாடம் தொடங்கும்போது அந்தச் சொல் மறுபடி வெளியே வரும், அப்போது மறுபடி ஒவ்வொரு தடவையும் தீனியோடு. பிறவியிலேயே காது கேளாத நாய்களுக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டும் சைகை அதே வேலையைச் செய்யும். அதையும் தீனியோடு சேர்த்து இதே முறையில்தான் பதிய வைக்க வேண்டும். வயதானால் நாய்களுக்குக் காது மந்தமாவது இயல்பு என்பதால், கேட்கும் வயதிலேயே சொல்லோடு சைகையையும் பழக்கி வைத்துக்கொள்வது நல்லது. அப்போது முதலில் சைகை, பிறகு ‘சபாஷ்’, பிறகு தீனி என்ற வரிசையில் காட்ட வேண்டும். சில வாரங்களில் சொல் இல்லாமலேயே நாய்க்குச் சைகை புரியத் தொடங்கும்.